வாயைக் கட்டிய லெந்து

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து தொடங்கும்போது வருஷந்தோறும் எதையாவது விட்டுவிடுவது என் வழக்கம். விடுவதற்கு எளிதாக இருப்பதைத்தான் விடுவேன். ஒரு வருஷம் கத்தரிக்காயை விட்டேன். அது எனக்குச் சிறுவயதிலிருந்தே பிடிக்காது. இன்னொரு வருஷம் மூக்குப்பொடியை விட்டேன். அதை டாக்டர் ஏற்கெனவே விடச் சொல்லியிருந்தார். இப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டவருக்காக நான் பட்ட பாடு மிகச் சொற்பம். ஆனாலும் சபையில் யாராவது விசாரித்தால், "இந்த வருஷம் பொடி" என்று தாழ்ந்த குரலில், கேட்டவருக்குப் பக்கத்தில் நிற்பவர் காதிலும் விழும்படியாகச் சொல்வேன்.

என் வாழ்நாளில் நான் உண்மையாகவே ஒன்றை விட்ட லெந்து ஒன்றுதான். அதுவும் நானாக விட்டதல்ல, என் மகள் விடவைத்தது. விட்டது பேச்சை.

நான் சித்தூர் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது எல்லாக் குமாஸ்தாக்களுக்கும் மேலே உட்கார்ந்து அவர்களுடைய தவறுகளைக் கண்டுபிடிக்கிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற பிறகு தவறுகள் குறைந்தபாடில்லை. அவற்றைக் கண்டுபிடிப்பதற்கு எனக்கு அதிகாரம் இல்லை என்பது மட்டுமே புதிது. அதற்காக நான் கண்டுபிடிப்பதை நிறுத்தவில்லை. தபால் ஆபீசில், ரயிலடியில், சபைக் கமிட்டியில், சில சமயம் அடக்க ஆராதனைகளில்கூட, எது முன்னால் வரவேண்டும், எது பின்னால் வரவேண்டும் என்று எழுந்து சொல்லிவிடுவேன். நான் இருமினாலே கமிட்டித் தலைவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். அதை மரியாதை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகளைத் திருப்பதியில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், சாது. அவருடைய தகப்பனார், என் சம்பந்தி, ரேணிகுண்டாவில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து எஞ்சின்வரை கேட்கும் குரல் அவருக்கு. அவர்கள் தெலுங்குக் கிறிஸ்தவர்கள், நாங்கள் தமிழ்க் கிறிஸ்தவர்கள். கல்யாணத்தின்போது அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. எங்கள் பக்கத்தில் வாக்கியத்தை ஒரு பாஷையில் தொடங்கி இன்னொரு பாஷையில் முடிப்பவர்கள்தான் எல்லோரும். ஆனால் இரண்டு ராஜ்யங்களுக்கும் எல்லைத் தகராறு முற்றி, திருத்தணி தமிழ்ப் பக்கம், சத்தியவேடு தெலுங்குப் பக்கம் என்று தீர்ப்பாகி, ஊர்கள் கைமாறக் காத்திருந்த சமயத்தில் என் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. சம்பந்தி பேரனைப் பார்க்கச் சித்தூருக்கு வந்தார்.

வந்தவர் தொட்டிலைப் பார்த்தார், சிரித்தார், உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"இன்னா பாவகாரு, மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்குது? சித்தூர் மாதி, திருப்பதி மாதி. திருத்தணியத்தான் உங்களுக்குக் குடுத்துட்டாங்களே! மொட்டை போட ஒரு மலை எங்களுக்கு, காவடி தூக்க ஒரு மலை உங்களுக்கு. கணக்கு சரியாப் பூடுச்சு."

'பாவகாரு' என்பது சம்பந்தியைக் கூப்பிடும் மரியாதை, 'மாதி' என்றால் 'எங்களுடையது'. இரண்டு மலைகளிலும் எங்கள் இருவருக்கும் ஒரு வேலையும் இல்லை. நாங்கள் கும்பிடுகிற இடம் வேறு. அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லை பிரிக்கும்போது கிராமத்தை அலகாகக் கொள்வதா, தாலுகாவை அலகாகக் கொள்வதா என்பதில் தொடங்கி, சர்வே முறைகளின் வழியாக அவரை நடத்திக்கொண்டு போனேன். அவர் கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவிக்காகத்தான் அதைச் சொன்னேன் என்று நினைக்கிறேன்:

"வாழ்நாள் பூரா ரயிலுக்குப் பின்னாடி கடைசிப் பெட்டியில உக்காந்து போனவரு நீங்க. முன்னாடி இன்னா நடக்குதுன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சம்பந்தி எழுந்தார். தொட்டிலை ஒருதரம் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். கோழிக் குழம்பு தயாராக இருந்தது. அவர் கை நனைக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மகள் என் எதிரில் வந்து நின்றாள். கையில் பிள்ளை. அழுதிருந்தாள், ஆனால் பேசும்போது அழவில்லை.

"நைனா, ஒரு தபா சொல்றேன், கேட்டுக்கோ. ஈஸ்டரன்னிக்குத் திருப்பதியில புள்ளைக்கு ஞானஸ்நானம். அன்னிக்கு அவங்க முன்னாடி நீ வாயத் தொறந்து ஒரு பேச்சு பேசினாலும் சரி, அப்புறம் நான் இவனத் தூக்கிக்கினு இந்த வூட்டுப் படி ஏறமாட்டேன். அவங்களோட குடும்பம் நடத்தப் போறவ நான். நீ இல்ல."

"ஞானஸ்நானத்த இங்கயே..." என்று ஆரம்பித்தேன்.

"தகப்பன் எந்தச் சபையோ அந்தச் சபையிலதான் குடுக்கணும்னு கமிட்டியில விதி எழுதினது யாரு?"

நான்தான். நல்ல தெளிவான நடையில் எழுதியிருந்தேன். விதிவிலக்குக்கு இடமே வைக்கவில்லை.

அந்த லெந்தில் எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருந்த இளம் போதகர், ஆத்துமா புதுப்பிக்கப்படுவதைப் பற்றியும் இச்சையடக்கத்தைப் பற்றியும் வாராவாரம் பிரசங்கித்தார். எனக்குத் தெரிந்த புதுப்பித்தல் துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிப்பதுதான். காலாவதியாகும் முன் மனுக் கொடுக்கவேண்டும். கொடுத்தால் அதே ஆள், அதே துப்பாக்கி, புது முத்திரை. இத்தனை வருஷமும் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நான் அப்படித்தான் புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறேன் என்பது எனக்கே தோன்றியது. இச்சையடக்கமோ வேதாகமம் சொல்லும் ஆவியின் கனிகளின் வரிசையில் கடைசியில் இருக்கிறது. கூட்டம் நடத்திப் பழகியவனுக்குத் தெரியும்: நிகழ்ச்சிநிரலில் கடைசியில் இருக்கும் விஷயத்தை எடுக்கும்போது பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

ஆனாலும் மகள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல. என்னிடம்தானே பிடிவாதம் கற்றாள். ஆகவே ஈஸ்டருக்கு முன்பே ஒத்திகை பார்த்துவிடுவதென்று, லெந்தின் முதல் நாளான சாம்பல் புதன் முதல் யாரையும் எதற்கும் திருத்துவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

முதல் சோதனை கமிட்டியில். போன கூட்டத்தின் நடவடிக்கையை வாசிக்காமலே தலைவர் நேராக ஓலைக் கொட்டகை விஷயத்துக்குப் போய்விட்டார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, முன்மொழிந்தவரே வழிமொழிந்தார். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே ஒரு பல்லி இருந்தது. அதன் ஒழுங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட்டம் வழக்கத்தைவிடப் பாதி நேரத்தில் முடிந்துவிட்டது. எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

"உங்களுக்கு உடம்புக்கு இன்னாங்க?" என்று மனைவி கேட்டாள். "மூஞ்சி செவந்துகினு இருக்குது. பித்தமா?"

"இச்சையடக்கம்" என்றேன்.

"சுக்குக் கஷாயம் வெக்கட்டுமா?"

நாட்கள் போகப் போக ஒன்று புரிந்தது. பேசாமல் இருந்தேனே தவிர, கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அதை நான் தள்ளுபடி செய்யவில்லை, நிலுவையில் வைத்திருந்தேன். யார் எப்போது என்ன தவறு செய்தார்கள் என்பதெல்லாம் மனதுக்குள் வரிசையாக இருந்தது. அதைவிட மோசம், பேசாதிருப்பதில் எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. பிறர் உளறும்போது கண்ணை மூடி மெல்லத் தலையை ஆட்டுவேன். முன்பு நான் பேசியபோது எரிச்சல்பட்டவர்கள், இப்போது நான் தலையாட்டுவதைப் பார்த்து அதைவிட அதிகமாக எரிச்சல்பட்டார்கள். "பேசவாவது பேசுங்களேன்" என்று கமிட்டித் தலைவரே ஒருநாள் கெஞ்சினார். நான் கண்ணை மூடித் தலையை ஆட்டினேன்.

ஈஸ்டர் அன்று விடியும்போதே கிளம்பிவிட்டோம். பாகாலாவில் ரயில் காரணம் சொல்லாமல் நின்றது. பெட்டி முழுக்க மலைக்குப் போகிறவர்கள். எதிர்த்திசை வண்டியில் திரும்பி வருகிற மொட்டைத் தலைகள், சந்தனம் பூசி. மனைவி மடியில் பிள்ளையின் வெள்ளைச் சட்டை. மகள் என்னைப் பார்த்தாள்.

"ஞாபகம் இருக்குதா நைனா?"

தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கவில்லை; இப்போதே பழகிக்கொண்டால் நல்லது.

ரயில் தாமதத்தால் நாங்கள் மாப்பிள்ளையின் சபைக் கோயிலுக்குள் நுழைந்தபோது பாட்டு ஆரம்பமாகிவிட்டது. மாப்பிள்ளை வாசலில் என் காதருகே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். சம்பந்தி முன்வரிசையில் இருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணை மூடித் தலையை ஆட்டினேன்.

ஞானஸ்நானத்துக்கு அழைத்தார்கள். ஞானத்தொட்டியைச் சுற்றி நின்றோம். சபையின் தெலுங்குப் போதகர் பெற்றோரிடம் கேட்டார், பதில் சொன்னார்கள். ஞானத்தாயாக நின்ற மாப்பிள்ளையின் அத்தையிடம் கேட்டார், பதில் சொன்னாள். அடுத்து ஞானத்தகப்பன். சம்பந்தியின் அண்ணன் மகன் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஆளைத் தேடினேன். காணோம். போதகர் என் முகத்தைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார்: இந்தப் பிள்ளையைத் தேவபயத்தில் வளர்க்கத் துணையிருப்பீரா?

அப்போதுதான் விளங்கியது. ஞானத்தகப்பன் நான்.

மற்றவனாக இருந்தால் கண் கலங்கியிருக்கும். எனக்குள் எழுந்தது வேறு. ஞானப்பெற்றோர் பெயரை முன்கூட்டியே போதகரிடம் கொடுக்கவேண்டும். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வேண்டும். ஆராதனை அன்று காலையில் ஆளை மாற்ற எந்த விதியிலும் இடமில்லை. இது அத்தனையும் தெளிவான தெலுங்கில், எண்ணிட்ட பத்திகளாக, என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. லெந்து முழுக்கச் சேர்த்துவைத்த பலத்தோடு பற்களைக் கடித்து வாயை மூடினேன்.

போதகர் மறுபடி கேட்டார். நான் கண்ணை மூடினேன்.

பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. "சூசாரா, அரவாயன!" என்று ஒரு பெண்குரல். அரவம் என்றால் தமிழ்; 'பார்த்தீர்களா, இந்தத் தமிழாளை!' என்று பொருள். தெலுங்கில் கேட்டதற்குப் பதில் சொல்ல மறுக்கிறான், எல்லைத் தகராறைக் கோயிலுக்குள் கொண்டுவந்துவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கண்ணைத் திறந்தால், சம்பந்தியின் முகம் சித்தூரில் எழுந்து போன அன்றைக்கு இருந்ததைவிடச் சின்னதாகிப் போயிருந்தது. மகள் பிள்ளையோடு என்னை நெருங்கி வந்தாள்.

"நைனா," என்றாள், "பதில் சொல்லு."

"நீதான பேசவேணாம்னே?"

காதோடு சொன்னதாகத்தான் என் எண்ணம். ஆனால் கொஞ்ச வருஷமாகவே என் காது மந்தம். கடைசி பெஞ்சுவரை கேட்டது. சித்தூர் ஜில்லாவில் அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. சம்பந்திதான் முதலில் சிரித்தார், எஞ்சின்வரை கேட்கும் குரலில். அதன்பின் கோயிலே சிரித்தது. போதகர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். மகள் சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

"தேவுனி சஹாயமுதோ சேஸ்தானு" என்றேன். தேவனுடைய உதவியோடு செய்வேன். உதவி எவ்வளவு தேவை என்பது அந்த நேரத்தில் எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

ஆராதனை முடிந்ததும் சம்பந்தி என்னை வேப்பமரத்தடிக்கு ஒதுக்கிக்கொண்டு போனார்.

"எந்துக்கு பாவகாரு அப்பிடி நின்னீங்க? தமிழ்லயே சொல்லியிருந்தாலும் யாரு உங்களக் கேட்டிருப்பாங்க?"

உண்மையைச் சொன்னேன். முன்கூட்டியே பெயர் கொடுக்காததைப் பற்றிப் பேசிவிடுவேனோ என்று பயந்துதான் வாயை மூடினேன் என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கண்ணன் மவன் குண்டக்கல்ல டியூட்டியில மாட்டிக்கினான். வேற ஆளு இல்ல, அதான்" என்றார். பிறகு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஆளு இருந்தாங்க. நான்தான் உங்க பேர போதகர் அய்யகாரு கிட்ட சொன்னேன்" என்றார்.

கடைசிப் பெட்டியைப் பற்றி நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க அதுதான் சமயம். இச்சையடக்கத்தில் அவ்வளவு பழகிப்போயிருந்ததால் வார்த்தை உடனே வரவில்லை. அவர் தோளைத் தொட்டேன். "சரி, சரி" என்று அவரே முடித்துவைத்தார்.

அடுத்த மாதம் மகள் பிள்ளையோடு சித்தூருக்கு வந்தாள். கொண்டுவந்து விட்டவர் சம்பந்தி. ரயிலடியில் பார்த்ததுமே அவளிடம் ஒன்று மட்டும் கேட்டேன்.

"நான் கோயில்ல பேசிட்டேனேம்மா?"

"பேசு நைனா," என்றாள். "நீ கண்ண மூடிக்கினு தலையாட்டறத மட்டும் இனிமே பண்ணாத. பயமா இருக்குது."

சாப்பாடு ஆயிற்று. பிள்ளை தொட்டிலில். தொட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். வெற்றிலையை மடித்தபடி அவர் சத்தியவேட்டைப் பற்றி ஏதோ சொன்னார். அது தப்பு. சொன்னேன். அவர் குரலை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன்.

"புள்ள தூங்குது" என்றாள் மகள், உள்ளிருந்து.

நாங்கள் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அதைப் புதுப்பித்தல் என்று தைரியமாக எழுதியிருப்பேன். குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டோம். அவருக்கும் என் காது மந்தம் என்று தெரியும். ஆகவே தொட்டிலுக்கு மேலே தலையோடு தலை முட்டும்படி சாய்ந்து, அவர் சத்தியவேட்டைக் கிசுகிசுத்தார், நான் திருத்தணியைக் கிசுகிசுத்தேன். இடையிடையே மாறி மாறித் தொட்டிலை ஆட்டினோம்.

சமையலறை வாசலிலிருந்து பார்த்த மனைவி மகளிடம் கேட்டது என் காதில்கூட விழுந்தது.

"இன்னாடி, ரெண்டு பேரும் ஜெபம் பண்றாங்களா?"

"ஆமாம்மா," என்றாள் மகள். "சத்தியவேட்டுக்காக."