அம்சவல்லி மோட்டார் போட்ட கதை

எங்கள் தெரு அம்சவல்லி பெரிய பிடிவாதக்காரி. ஆனால் தன் வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்குள் மட்டும் அவள் கால் வைக்கமாட்டாள்.

சின்ன வயதில் அவள் பண்ணையில் மாடு மேய்த்தாள். பண்ணைக் காரியக்காரன் அவளை அந்தக் கொட்டகைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போடுவான். குழந்தையிடம் செய்யக்கூடாததைச் செய்வான். அவன் சுகமாக வாழ்ந்து செத்தான். எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. பிறகு விவசாயிகள் சங்கம் போராடி, பண்ணையில் உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது, இவள் குடும்பத்துக்குக் கிடைத்தது அதே கொட்டகை இருந்த வயல். மோட்டார் போடுவதெல்லாம் கணவர் சாமிதுரைதான். அவர் போன வருஷம் இறந்துவிட்டார்.

"நான் போட்டு விடுறேன் அக்கா" என்றார் பக்கத்து வயல் கண்ணுசாமி.

"குறுவைக்குப் போடு. சம்பாவுக்கு நான்தான் போடுவேன்" என்றவள், தஞ்சாவூரில் மனநல ஆலோசகர் ஷம்சாத்திடம் போனாள்.

"ரெண்டு வழி இருக்குங்கம்மா" என்றார் ஷம்சாத். "நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லி, பயந்த இடத்துக்கும் போறது ஒண்ணு. முதல்ல படபடப்பை அடக்கப் பழகிட்டு, அப்புறம் சொல்றது இன்னொண்ணு. எது மேலுன்னு டாக்டர்களுக்குள்ளேயே ஒத்துப் போகலை."

பழகுவதையே முதலில் எடுத்தாள். "கண்ணை மூடுங்க. பச்சை வயல், வாய்க்கால்ல தண்ணி ஓடுது, நிம்மதியா இருக்கீங்க" என்றார் ஷம்சாத். அம்சவல்லி வாந்தி எடுத்துவிட்டாள்.

"வயல்ல என்னம்மா நிம்மதி? அங்கதானே எல்லாம் நடந்துச்சு! எனக்கு மன்னார்குடி டவுன் பஸ் போதும். நாலு பொம்பளைங்க சத்தம் போடுவாங்க. எவனும் தாழ்ப்பாள் போட முடியாது."

ஷம்சாத் மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து கண்ணை மூடினால் பஸ்தான். தூக்கம் வந்தது. மகள் செவ்வந்தியிடம் எரிந்து விழுவதும் குறைந்தது. ஆனால் கொட்டகைப் பக்கம் கால் போகவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் பழகலாங்கம்மா."

"போதும்மா. சம்பா நாத்து எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? சொல்றேன், கேளுங்க."

சொன்னாள். அழுதாள். மறு வாரமும் சொன்னாள். சொன்னதைப் போனில் பதிந்து வீட்டிலும் கேட்டாள். கெட்ட கனவுகள் திரும்பி வந்தன, அவள் விடவில்லை. அந்த பஸ் நினைப்பு இல்லாமல் சொல்லியிருப்பாளா, சொல்லாமல் கொட்டகை வரை போயிருப்பாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

சம்பா நடவுக்கு ஒரு காலையில் கரண்ட் வந்ததும் கிளம்பினாள். நாங்கள் வரப்பில் நின்றோம். கொட்டகை வாசலில் அவள் நின்றுவிட்டாள். கண்ணுசாமி உதவிக்கு ஓடப் பார்த்தார், நான் முறைத்தேன்.

"ரைட், போலாம்!" என்று கண்டக்டர் மாதிரி கத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மோட்டார் உறுமியது. குழாயில் தண்ணீர் கொட்டியது. அவள் மட்டும் வெளியே வரவில்லை. செவ்வந்திக்குப் பயமாகிவிட்டது.

"அம்மா, வாம்மா!"

"இருடி. இன்னிக்கு நானா வந்திருக்கேன். நானா வர்றப்ப வர்றேன்."