கேற்றடியில் கேட்ட "அப்பா"

என் மகள் ஆறாம் வகுப்புக்கு வெள்ளவத்தைத் தமிழ்ப் பாடசாலையை விட்டு ஒரு சிங்களப் பாடசாலையின் ஆங்கில மொழிமூல வகுப்பில் சேர்ந்தாள். அந்த வகுப்பில் தமிழ்ப் பிள்ளை அவள் ஒருத்திதான்.

முதல் நாள் பஸ்ஸால் இறங்கிப் பாடசாலை வாசலை நோக்கி நடக்கையில் சொன்னேன்: "கேற்றடியில தமிழ் கதைக்காதை. என்னை அப்பா எண்டும் கூப்பிடாதை."

போர்க்காலச் சோதனைச் சாவடிகளுக்கிடையே வளர்ந்தவன் நான். வெளியில் தமிழை வாய்க்குள் வைத்திருப்பது பழகிவிட்டது.

அமெரிக்காவில் வெள்ளையர் பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாகப் போன கறுப்பினச் சிறுமியைப் பற்றி மகள் விடுமுறையில் வாசித்திருந்தாள். வாசலில் கூட்டம் நின்று கத்த, அந்தச் சிறுமி நிமிர்ந்து நடந்து போனாளாம்.

"அந்தப் பிள்ளைக்கும் அப்பா இப்பிடித்தான் சொன்னவரோ?" என்று கேட்டாள். நான் நடையை எட்டிப் போட்டேன்.

எங்கள் வாசலில் யாரும் கத்தவில்லை. அவளின் திருநீற்றைக் கண்டு இரண்டு தாய்மார் கதையை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். பிள்ளையோடு வந்தது யாரென்று காவலாளி சிங்களத்தில் கேட்டார். சிங்களம் நன்றாகத் தெரிந்தும் நான் பெற்றோர் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

உள்ளே போன மகள் திரும்பி நின்றாள்.

"அப்பா! தண்ணிப் போத்தல் உங்கட கையில இருக்கு!"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பெயர் ஒட்டிய போத்தலை நீட்டினேன்.

"போயிட்டு வாறன் அப்பா."

அவள் காத்து நின்றாள். அந்த வாசலில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஓம் பிள்ளை, போயிட்டு வா."