ரயில் பார்க்கும் பக்கம்

அவருக்குத் தொழில் சுவரைப் புதிதாக்குவது. பொழுதுபோக்கு சுவரைப் பழசாக்குவது. பகலெல்லாம் ஊரார் வீட்டுக் கறையைச் சுரண்டி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்துவிட்டு வருகிற மனிதர், சாயங்காலமானால் மருந்துக்கடை மாடிக்குப் போய்விடுவார். அங்கே உள்ளங்கையில் அடங்கும் வீடு ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, மூன்று முடி மட்டும் மிச்சம் வைத்த பிரஷ்ஷால் அதற்குப் பாசி பிடிக்க வைப்பார். தெருவில் அவர் பேர் பெயிண்டர். மாடியில் அழுக்கு மாஸ்டர். எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

மாடியில் மருந்துக்கடைக்காரரும் கூட்டாளிகள் நாலைந்து பேரும் நீள மேசை ஒன்றின் மேல் ரயில் விடுகிறார்கள். மாதிரி ரயில். வாய் தவறிப் 'பொம்மை ரயில்' என்று சொல்லிவிட்டால் சொன்னவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அது அங்கே சட்டம். பெயிண்டர் முதன்முதலில் அங்கே போனது வெள்ளையடிக்கத்தான். வேலை முடிந்து ஏணியை மடக்கியவர், மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பெட்டியில் வாங்கி ஒட்டிய பிளாஸ்டிக் வீடுகள் குளிப்பாட்டிப் பவுடர் போட்டதுபோல் நின்றன.

"என்ன பெயிண்டரே, பலமான யோசனை?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஒண்ணுமில்ல. இந்த ஊர்ல மழையே பெய்யாதா?"

அன்றைக்கு மாட்டிக்கொண்டவர்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அட்டையை வெட்டினார், கெடுத்தார், மறுபடி வெட்டினார். தீக்குச்சி ஜன்னல் கம்பியாயிற்று. எழுதித் தீர்ந்த ரீஃபில் மழைநீர்க் குழாயாயிற்று. டீத்தூள் சக்கையைக் காயவைத்துத் தண்டவாளத்து ஓரம் மண்ணாகத் தூவினார். உப்புத்தாள் மொட்டைமாடித் தரையானது. வேலிச்செடி எதிலிருந்து வந்தது என்பது அவர் மனைவிக்குத்தான் முதலில் தெரிந்தது.

"என்னங்க, பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைக் காணோம்."

"அது இப்போ ஸ்டேஷன் பக்கத்துல புதரா இருக்கு."

"அப்போ பாத்திரத்தையும் அங்கேயே கொண்டுபோய்த் தேய்ச்சுக்கோங்க."

வீடுகளின் உயரத்தை அவர் ஏணிப்படியால் அளப்பார். தெருவில் அவர் ஏணி சாயாத வீடு இல்லை; எந்த வீட்டுச் சன்ஷேடு எத்தனையாவது படியில் வரும் என்பது காலுக்கே தெரியும். மேசை ரயில் நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு; அதனால் அதை எண்பத்தேழால் வகுத்தால் மேசைக்கான அளவு வந்துவிடும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். புதிதாகச் சேர்ந்த ஒருவர் கூரை மேல் பழுப்பு மையை இஷ்டத்துக்கு அப்பியபோது பிரஷ்ஷைப் பிடுங்கிவிட்டார்.

"கறைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும் தம்பி. தண்ணி எங்கேயிருந்தோ வரணும், எங்கேயோ போகணும்."

அந்த வருஷக் கண்காட்சிக்கு, தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் வீட்டு வரிசை அவர் பங்குக்கு வந்தது. அவர் வேறெங்கும் தேடவில்லை. அவருடைய தெருவே தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறது. முன்பக்கத்துக்கு எல்லாரும் செலவழிப்பார்கள். பின்பக்கம் ரயில் மட்டும் பார்க்கிற பக்கம். அதற்கு யாரும் இதுவரை அவரைக் கூப்பிட்டதில்லை. ஆகவே அங்கே கறைக்குப் பஞ்சமில்லை. தண்டவாளத்தைக் கடக்கும் நடைபாலத்தில் நின்று, வீடு வீடாகப் பார்த்து வரைந்தார். அவ்வளவு ஆனந்தமாக அவர் வேலை செய்ததே இல்லை, பக்கத்து வீட்டுக்கு வரும் வரை.

பக்கத்து வீடு அவருடைய அக்கா வீடு. அங்கே பின்பக்கத்து அறையில் ஒரு சுவர் வருஷம் தவறாமல் ஊறும். பெயிண்டர் வருஷம் தவறாமல் போய்ச் சுரண்டி, பூசி, அக்கா கேட்ட கலரில் அடித்துக் கொடுப்பார். கூடப்பிறந்தவளிடம் கூலி கேட்க முடியுமா. முதல் வருஷமே சுவரைத் தட்டிப் பார்த்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டார். "பூச்சு சரியில்ல அத்தான். உங்க கொத்தனார் ஏமாத்திட்டார்." அந்தக் கொத்தனார் அத்தானுக்குப் பால்ய சிநேகிதர். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. தெருமுனையில் எதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், மற்றவர் செருப்பைப் பார்ப்பார்.

இப்போது அக்கா வீட்டுச் சுவருக்குக் கறை வைக்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று வரைந்த தாளைப் பார்த்தார். கறையின் தலை சன்ஷேடு மேல் இருந்தது. அதற்கு மேலே கைப்பிடிச் சுவர். அங்கிருந்து இடதுபக்கம் கொஞ்சம் போனால், நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டைக் குழாய். தண்ணீர்த்தொட்டி நிரம்பினால் வழிவதற்கான குழாய். அந்தத் தொட்டி பெயிண்டரின் சொந்த வீட்டு மாடியில் இருப்பது. கீழே நின்று பார்த்தால் சன்ஷேடு மறைத்துவிடும். பாலத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது.

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

மாதிரியில் அந்தக் குழாயை ஓர் அரிசி அகலம் தள்ளி ஒட்டினால் போதும், ஒருத்தருக்கும் தெரியாது. தள்ளி ஒட்டினார். பிய்த்தார். சரியான இடத்தில் ஒட்டினார். அத்தான் முகம் நினைவுக்கு வந்தது, மறுபடி பிய்த்தார். அத்தான் கண்காட்சிக்கு வருவதாக ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கடைசியில், அத்தான் இல்லாத நேரமாகப் பார்த்து அக்காவிடம் போனார். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க சுவர் ஊறுறது கொத்தனாரால இல்ல. என் குழாயால."

"தெரியும்" என்றாள் அக்கா, கத்தியை நிறுத்தாமல்.

"தெரியுமா?"

"தினம் அந்த ரயில்லதானேடா வேலைக்குப் போறேன். நீ மோட்டாரை நிறுத்த மறக்கிற அன்னைக்கெல்லாம் சொட்டுறதைப் பார்த்துக்கிட்டேதான் போறேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ குழாயை மாத்திடுவே. சுவர் காஞ்சுடும். அப்புறம் என் ரூமுக்கு வருஷா வருஷம் யாரு கலர் அடிச்சுத் தருவா?" நறுக்கியதைப் பாத்திரத்தில் தள்ளினாள். "அது மட்டுமா? அந்தக் கொத்தனார் சிநேகிதம் இருந்தவரைக்கும் உங்க அத்தான் பொழுதெல்லாம் சீட்டாட்டம். இப்போ விளக்கு ஏத்தும்போது மனுஷன் வீட்டுல. பாத்திரம்கூடக் கழுவுறார். நீ பாட்டுக்கு அதுல மண்ணைப் போட்டுடாதே. உன் பொம்மையில அந்தக் குழாயைக் கழட்டிடு."

"பொம்மை இல்லக்கா, மாதிரி."

"ஏதோ ஒண்ணு. கழட்டு."

"இருக்கிறதைக் கழட்ட மாட்டேன்."

"சரி, மூடு. ஒரு போர்வையைக் காயப்போட்ட மாதிரி மூடு."

"இல்லாத போர்வையையும் போட மாட்டேன்."

அக்கா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள், ஒரு சிவப்புக் கோடு போட்ட போர்வையோடு வந்தாள், நேரே தம்பி வீட்டு மாடிக்கு ஏறிக் கைப்பிடிச் சுவரில் குழாய் மறையும்படி விரித்தாள். "போடா. போய் உன் பாலத்துல நின்னு பாரு. இப்போ இருக்கா?"

இருந்தது. அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. மருந்துப் புட்டியைச் சுற்றிவரும் மெல்லிய தாளில் போர்வை வெட்டி, பசைத் தண்ணீரில் நனைத்து மடிப்பு விழ வைத்து, சிவப்புக் கோடு இழுத்து, மேல் விளிம்பை மட்டும் ஒட்டித் தொங்கவிட்டார். நிஜக் குழாயைக் கண்காட்சி முடிந்த கையோடு மாற்றிவிடுவதாக அக்காவிடம் சொன்னார். அதற்குள் ஒரு தடவை இளம்பச்சை அடித்துவிட வேண்டும் என்று அக்கா சொன்னாள்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் நடந்தது. தெருவே திரண்டு வந்து ரயிலை விட்டுவிட்டுத் தங்கள் தங்கள் பின்பக்கத்தைத் தேடியது. ஒருவர், உடைந்த ஜன்னலை நேற்றுதான் மாற்றினேன், அதற்குள் இப்படி மானத்தை வாங்கிவிட்டாயே என்று சண்டைக்கு வந்தார். அத்தான் அக்கா வீட்டு முன்னால் இடம் பிடித்து நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கம் சொன்னார். "இதுதான் எங்க வீடு. இந்த ஈரத்தைப் பார்த்தீங்களா? ஒருத்தன் பூசின லட்சணம்."

"அந்த ஒருத்தன் நான்தான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கொத்தனார். கூட்டம் விலகியது. அத்தான் வழக்கப்படி வானத்தைப் பார்க்க நிமிர்ந்தார். அங்கே மின்விசிறிதான் இருந்தது. கொத்தனார் குனிந்து, மூக்கு உரசும் அளவுக்குச் சுவரைப் பார்த்தார். அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி ரயிலின் கடைசிப் பெட்டியைப் பார்த்தார்.

"பூச்சு கெட்டா உப்பு கீழேருந்து ஏறும்" என்றார் கொத்தனார் மெதுவாக. "இது மேலேருந்துல்ல இறங்குது."

சுண்டுவிரல் நகத்தால் போர்வையின் கீழ் ஓரத்தைத் தூக்கினார். உள்ளே ரீஃபில் குழாய், அரிசி அகலம்கூடப் பிசகாமல் அதன் இடத்தில் இருந்தது. அதன் வாயில் ஒரு சொட்டுப் பசை, தண்ணீர் மாதிரியே மினுங்கியது.

அத்தான் அதைப் பார்த்தார். கறையைப் பார்த்தார். "மச்சான், இது யார் வீட்டுக் குழாய்?"

"எங்க வீட்டுது அத்தான்" என்றார் பெயிண்டர். "தப்பா சொல்லிட்டேன். கொத்தனாரண்ணே, நீங்களும் மன்னிச்சுக்கணும்."

கொத்தனார் போர்வையிலிருந்து விரலை எடுத்து நிமிர்ந்தார்.

"சீட்டுக்கட்டு இன்னும் இருக்கா?" என்றார் கொத்தனார், யாரையும் பார்க்காமல்.

"இருக்கு" என்றார் அத்தான். "ஜோக்கர்தான் ரெண்டும் காணோம்."

"ஒண்ணு நீ. இன்னொண்ணு உன் மச்சான்."

இருவரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசலுக்கு நடந்தார்கள். வாசல் தாண்டும்போதே ஒருவர் தோளில் மற்றவர் கை போட்டாயிற்று. அக்கா அவர்கள் போவதைப் பார்த்தபடி, தம்பியின் முழங்கையைக் கிள்ளினாள்.

"போர்வைதான் போட்டாச்சே. அதுக்கு அடியில யாருடா பார்க்கப்போறாங்கன்னு குழாயை வச்சே?"

"அங்க இருக்கேக்கா."

"சரி. அந்தச் சொட்டு எதுக்கு?"

பெயிண்டர் தூக்கிய போர்வையை விரல்நுனியால் சரிசெய்தார், மடிப்பு கலையவில்லை.

"நான் பார்த்த அன்னைக்கு மோட்டார் ஓடிக்கிட்டிருந்துச்சு" என்றார்.