லேசான வேலை

எங்கள் துறையின் பெயர் ஊட்டச்சத்து, உடற்பயிற்சி அறிவியல். ஓட்டக்காரர்களை நகராத சைக்கிளில் உட்காரவைத்து மிதிக்கச் சொல்வோம். வாயில் குழாயை மாட்டி, விடும் மூச்சை முதுகிலுள்ள ரப்பர் பையில் பிடிப்போம். உடம்பு எவ்வளவு உழைத்தது என்று அந்த மூச்சு சொல்லிவிடும். நான் அதை வயல் வேலைக்குச் செய்யக் கிளம்பினேன். என் அம்மா நடவுக்குப் போகிறவள். துறையில் அதை நான் மறைக்கவில்லை. மறைக்கச் சொன்னவர்கள் இருந்தார்கள்.

தெருவில் கறுப்பு சிவப்புக் கொடியும் வாய்க்கால் கரையில் செங்கொடியும் பறந்த காலம் அது. தாலுகா ஆபீஸில் கூலிப் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. ஏர் ஓட்டுவது கடினமான வேலை, பெண்கள் நடுவது லேசான வேலை, அதனால் கூலியும் குறைவு என்பது நிலக்காரர்களின் வாதம். எங்கள் துறை அட்டவணையும் நடவை ‘லேசான வேலை’ என்றே சொன்னது. எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன். பை சேறாகிவிடும் என்று, நடவுப் பெண்களைக் களத்துமேட்டில், காய்ந்த தரையில், நடுவதுபோலக் குனிந்து காட்டச் சொல்லி அளந்திருக்கிறார்கள். சேறு இல்லாமல் நடவாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது என் அம்மாவின் கூலியிலேயே கைவைத்தது.

மறுபடி அளக்க வேண்டும் என்று என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் அடம்பிடித்தேன். மயிலாடுதுறைப் பக்கம் நிலமுள்ள குடும்பம் அவருடையது. கடைசியில் ஒத்துக்கொண்டு, வெள்ளைப் பேன்ட்டோடு அம்மா நடும் வயலின் வரப்பில் வந்து நின்றார். நடவு நேரத்தில் புதிதாக வருகிறவர் காலடியில் ஒரு கட்டு நாற்றை, முடி என்போம், வைத்து, குலவையிட்டுக் காசு கேட்பது எங்கள் பக்க வழக்கம். அம்மா முடியை வைத்தாள். அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"காசு வேணாங்க. லேசான வேலைதானே, இந்த ஒரு முடிய நட்டுட்டுப் போங்க," என்றாள் அம்மா.

பெண்கள் சிரித்துக் குலவையிட்டார்கள். ரோஷம் வந்து இறங்கினார். நான் சும்மா இருப்பேனா? பையை மாட்டிவிட்டேன். பாதி முடி தீர்வதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குழாயைத் துப்பினார்.

அதே சேற்றில் பன்னிரண்டு பெண்களை அளந்து, ‘கடினமான வேலை’ என்று எழுதினேன். பதின்மூன்றாவது வரி: ஆண், வயது நாற்பத்தைந்து, பாதியில் நிறுத்தினார்.

"அந்த வரிய எடும்மா," என்றார் பேராசிரியர்.

"கடினம்னு எழுதின பக்கத்துல கையெழுத்துப் போடுங்க சார், எடுத்துடறேன்."

முறைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நானும் சொன்னபடி எடுத்துவிட்டேன்.

அந்த அட்டவணையோடு நானும் அம்மாவும் கூலிப் பேச்சுக்குப் போனோம். நிலக்காரர் ஒருவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "என்ன இருந்தாலும் பொம்பளைங்களுக்கு லேசான வேலைதானே," என்றார்.

அம்மா கையோடு கொண்டுவந்திருந்த நாற்று முடியை அவருக்கு முன்னால் மேசைமேல் வைத்தாள். சேற்றுத் தண்ணீர் அவருடைய காகிதங்களில் பரவியது.

"வாங்க," என்றாள். "வயல் பக்கத்துலதான் இருக்கு."