கைராசிக்காரனின் செஸ்நட்

2009இல் லண்டன் நோர்பரி வீட்டுப் பின்வளவில் நான் செய்த முட்டாள்தனத்தை ஒளிக்கப்போவதில்லை.

ஊரில் எந்தக் காட்டு மாங்கன்றிலும் நல்ல மாங்கொப்பை ஒட்டிப் பிழைக்கவைத்தவன் நான். கைராசிக்காரன் என்பார்கள். இங்கே தோட்ட வேலைக்குப் போன வீடொன்றில், சுட்டுச் சாப்பிடும் பெரிய கொட்டை காய்க்கும் செஸ்நட் மரம் நின்றது. கேட்டுச் சில கொப்புகள் வாங்கிவந்தேன். பார்க்கில் பொறுக்கிய கசப்புக் கொட்டைகளில் முளைத்த கன்றுகள் என்னிடம் இருந்தன. அவை காட்டுச் செஸ்நட் என்று நானே முடிவெடுத்து, ஆறு கன்றுகளில் ஒட்டினேன்.

துளிர் வந்தது. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்துச் சொன்னேன். மூன்று கிழமையில் ஆறு ஒட்டுகளும் கருகின.

"அண்ணை, உங்கட கைராசி கடல் தாண்டேல்லைப் போல," என்று சிரித்தான் பக்கத்து வீட்டுக் குமரன். நான் குளிரைத் திட்டினேன், கத்தியைத் திட்டினேன்.

என் மனைவிதான் குந்தியிருந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, கீழ அடிக்கன்றில வந்த இலை கை விரிச்ச மாதிரி இருக்கு. மேல கருகினது நீட்டு இலை. இது ரெண்டும் ஒரே சாதி மரமோ?"

ஒட்டில் சுற்றியிருந்த நாடாவை அவிழ்த்தேன். கொப்பு கன்றோடு பொருந்தவே இல்லை. தன்னில் மிச்சமிருந்த ஈரத்தில்தான் துளிர்த்திருந்தது. பார்க்கில் நான் பொறுக்கியது குதிரைச் செஸ்நட்; பேரில்தான் செஸ்நட், சாதியே வேறு. எந்த வேர் அதை ஏற்கும் என்று பார்க்காதவன் நான்.

கொப்பு தந்த அந்த வீட்டு மரத்தின் கொட்டைகளையே வாங்கி விதைத்தேன்.

"இன்னும் விடமாட்டியளோ?" என்றான் குமரன்.

"விடமாட்டன்."

கன்றுகள் தடித்ததும் அதே மரத்துக் கொப்பை ஒட்டினேன். இன்று காய்க்கிறது. குமரன் கொட்டையைச் சுட்டுத் தின்றபடி, "கைராசிதான், அண்ணை," என்கிறான்.

அந்தச் சொல்லை நான் ஏற்பதில்லை. அன்று ஆறு கொப்பைச் சாகடித்ததும் இதே கைதான்.