இன்னும் இறங்காத காரை விற்றவர்

கார் ஷோரூமில் அவரை எல்லோரும் 'வந்துரும்' என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. ஹைபிரிட் கார்களை இறக்கப் போவதாகக் கம்பெனி அறிவித்ததிலிருந்து, யார் உள்ளே நுழைந்தாலும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை அதுதான்.

விற்பனையாளர்களுக்குக் கம்பெனி பயிற்சியும் கொடுத்தது. பெரிய ஓட்டல் ஹாலில், ஏசி குளிரில் விறைத்தபடி, திரையில் படம் பார்த்தார்கள். பெட்ரோல் இன்ஜினும் பேட்டரியும் மாறி மாறி இழுக்குமாம். ப்ளக் சொருக வேண்டாமாம். பிரேக் பிடித்தாலே பேட்டரி ஏறிக்கொள்ளுமாம். காரைத் தொட்டுப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். தானும் இன்னும் தொட்டதில்லை என்று பயிற்சியாளர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். ஆளுக்கொரு கீ செயின் மட்டும் கிடைத்தது.

வந்துருமுக்கு அது போதும். இல்லாத பொருளை விற்பதில் ஒரு சௌகரியம், அதில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது. எதிரே நிற்கும் காரில் கதவு சத்தம் போடுகிறது, சீட் கட்டையாக இருக்கிறது என்று முகம் சுளித்தவர்கள், ஹைபிரிட்டின் படத்துக்கு முன்னால் கைகட்டி நின்றார்கள்.

கூட்டம் அலைமோதியது, விற்பனை படுத்துக்கொண்டது. சீக்கிரமே இதைவிட நல்லது வரப்போகிறது என்றால் இதை யார் வாங்குவார்கள்? பெட்ரோல் கார்களைத் தூசு தட்டுவதே அங்கு முழுநேர வேலையாகிவிட்டது.

வந்துருமின் மனைவியின் அண்ணன் பல் டாக்டர். நிறம்கூட முடிவு செய்துவிட்டு, பெட்ரோல் கார் வாங்கத்தான் வந்தார். கையெழுத்து வாங்கியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் நம்மவருக்கு நாக்கு அரித்தது. பழக்கதோஷத்தில் ஹைபிரிட் புராணத்தை எடுத்துவிட்டார். மச்சான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, அதற்கே காத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

மேனேஜர் அம்மா அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

"நீங்க நல்லா பேசுறீங்க. அதுதான் பிரச்சினை. கையில இருக்கிறது தீர்ற வரைக்கும் ஹைபிரிட்டைக் கொஞ்சம் மட்டம் தட்டிப் பேசுங்க."

"அது வந்ததுக்கு அப்புறம், மேடம்?"

"மறுபடி தூக்கிப் பேசுங்க."

தூக்கிய நாக்கே இறக்கவும் செய்தது. இரண்டு இன்ஜின் என்றால் இரண்டு தலைவலி என்றார். பேட்டரி போனால் குடும்பமே நடுத்தெருவில் நிற்கும் என்றார். இந்த ஆளே இவ்வளவு பயமுறுத்துகிறார் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று நினைத்து, அரைமனதாக இருந்தவர்களும் காத்திருக்கத் தீர்மானித்தார்கள்.

மச்சானின் கிளினிக்குக்கும் போய், ஒரு நோயாளி வாய் பிளந்து படுத்திருக்கும்போதே ஹைபிரிட் வேண்டாம் என்று மன்றாடினார். மச்சான் தங்கைக்குப் போன் போட்டார். வந்துரும் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டுத் தட்டு மேஜைமேல் கொஞ்சம் பலமாகவே இறங்கியது.

"எங்க அண்ணன் நல்ல கார்ல போனா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?" என்றாள் மனைவி.

தேதி தள்ளித் தள்ளிப் போய், கேட்பவர்களே அலுத்துப்போன பிறகு, கார் வந்தே விட்டது. துணிக்கடை நடத்தும் அம்மா ஒருவர் ஓட்டிப் பார்க்க வந்தார். வந்துரும் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். சத்தமே இல்லை. ஓடவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்தினார். ஓடிக்கொண்டிருந்தது அணைந்து போனது. ஒருவழியாகத் தெருவில் இறங்கியதும் கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. இத்தனை நாள் தான் அளந்ததெல்லாம் உண்மை என்பது அவருக்கே பெரிய அதிர்ச்சி. திரும்பி வரும்வரை அவருக்குப் பேச்சே வரவில்லை.

"நீங்க ஒண்ணுமே சொல்லலை. அதான் நம்பிக்கை வந்துச்சு," என்று அந்த அம்மா அங்கேயே முன்பணம் கட்டினார்.

வந்துரும் பூரித்துப்போய், ஹைபிரிட் வந்துவிட்டது என்று மச்சானுக்குப் போன் செய்தார். மச்சானோ இப்போது வேறொன்றுக்குக் காத்திருந்தார். முழுக்கப் பேட்டரியிலேயே ஓடும் கார் அடுத்த வருஷம் இறங்குகிறதாம். இன்னொரு ஷோரூமில் ஒருவர் அருமையாக எடுத்துச் சொன்னாராம்.

"அவர் பேச்சுல ஒரு தெளிவு இருந்துச்சு மாப்பிள்ளை," என்றார் மச்சான்.

வாயைத் திறந்தால்தானே வம்பு என்று, ஷோரூமுக்கு அடுத்து வந்தவரிடம் வந்துரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வந்தவர் நேராக மேனேஜர் அம்மாவிடம் போய், ஆளுக்குத் திமிர் அதிகம் என்று புகார் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.