ஐந்து நாட்டுத் தீர்மானமும் கோமதி அக்காவின் கையெழுத்தும்

மொழிபெயர்ப்பாளர் பிழைப்பு மத்தளப் பிழைப்பு. இரண்டு பக்கமும் இடி. வாயை வாடகைக்கு விட்டுச் சாப்பிடும் என் இனத்தாரே, போன சாரலில் குற்றாலத்தில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். பருவநிலை மாற்றத்துக்கு ஒரே கொள்கை வகுக்க இந்தியா, இலங்கை, நேபாளம், பூட்டான், வங்கதேச அதிகாரிகள் ஓர் ஓட்டலில் மூன்று நாள் கூடினார்கள். கூடவே நாட்டுக்கு ஒரு விவசாயி.

கொடி வரிசை

முதல் நாள் காலை முழுக்க, மேஜையில் எந்தக் கொடி முதலில் என்பதிலேயே போனது. அகர வரிசை என்றார் ஒருவர், பரப்பளவு என்றார் இன்னொருவர். நம் தரப்பு விவசாயி, பாவூர்சத்திரம் பக்கத்துக் கோமதி அக்கா; அவருக்குத்தான் நான் மொழிபெயர்ப்பாளர். அறுப்பு நேரத்து மழையில் இரண்டு வருஷமாகச் சின்ன வெங்காயத்தை அழுகக் கொடுத்தவர். என் காதோரம் சொன்னார்: "ஏட்டி, இவங்க கொடிய நட்டு முடிக்கதுக்குள்ள எங்க உள்ளி மூணாந்தடவையும் அழுகிரும்."

காற்றின் முகவரி

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. மழை, புயல் தகவலை ஐந்து நாடுகளும் அன்றன்றே பகிர்ந்து, விவசாயிகளின் செல்போனுக்கு அவரவர் மொழியில் அனுப்ப வேண்டும். ஓர் அதிகாரி, "தகவல் எங்கள் இறையாண்மை" என்றார். அதற்கு ஊர்ப் பேச்சில் சொல் தேடி நான் முழிப்பதற்குள் அக்காவுக்கே விளங்கிவிட்டது. "கடல்ல கிளம்புத காத்து, எந்த நாட்டு ரேஷன் கார்டு வச்சிருக்கோம்னு பாத்துட்டா வருது?"

தமிழுக்கு மட்டும்

மூன்றாம் நாள் தீர்மானம் வந்தது. அக்காவின் கோரிக்கை, 'இயன்றால் பரிசீலிக்கப்படும்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. கூட்ட ஒருங்கிணைப்பாளர் என்னைத் தனியே அழைத்து, தமிழில் மட்டும் 'உறுதியாகச் செய்யப்படும்' என்று வாசிக்கச் சொன்னார். அதிகாரிகளோடு விவசாயிகளும் கையெழுத்து, போட்டோ, பிறகு எல்லாரும் மெயினருவியில் குளியல் என்பது திட்டம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை வாடகைக்குத்தான் விட்டிருக்கிறேன், யாருக்கும் கிரயம் எழுதிக் கொடுக்கவில்லை. மைக்கைப் பிடித்து, உள்ளதை உள்ளபடி வாசித்தேன். அக்கா பேனாவை மூடி வைத்தார். "முடிஞ்சாத்தான் பாப்பாங்களாம்லா? அப்ப, எனக்கும் முடிஞ்சா கையெழுத்து போடுதேம்னு சொல்லு."

பேனாக்கள்

சொன்னேன், ஒரு சொல் குறையாமல். வங்கதேசத்து விவசாயி ரஹீமாவும் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்து நேபாளம், பூட்டான், இலங்கை. அந்த வரியைத் திருத்தாமல் கையெழுத்து இல்லை என்று ஐந்து விவசாயிகளும் அசையாமல் உட்கார்ந்துவிட்டார்கள். தீர்மானம் திருத்தத்துக்குத் திரும்பிப் போனது. ஒருங்கிணைப்பாளர் நொந்துபோய் என்னிடம், "ஒரே ஒரு வரிய மாத்தி வாசிச்சிருந்தா எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போயிருக்கலாமே, மேடம்!" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடக் கூடாது என்பதுதான் ஐந்து நாட்டு அதிகாரிகளும் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு.